பூச்சியும் கதவும்

குறியீடு என்றதுமே அது எதைக் குறிக்கிறது என்று கேட்பது நம் விமர்சனத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. விடை கிடைத்ததும் படைப்பு முடிந்துபோகிறது. விடுகதைக்கு இது போதும். இலக்கியத்துக்குப் போதாது.

காஃப்காவின் 'உருமாற்றம்' (எழுதியது 1912, வெளியானது 1915) இந்தப் பழக்கத்தால் அதிகம் அடிபட்ட கதை. க்ரெகோர் ஸாம்ஸா ஒரு காலையில் பூச்சியாகக் கண்விழிக்கிறான். பூச்சி என்பது அந்நியமாதல் என்கிறார் ஒருவர். தந்தையிடம் கொண்ட பயம் என்கிறார் இன்னொருவர். நோய் என்பது மூன்றாமவர் கட்சி. எதையும் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் மூன்றும் கதையின் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன. மீதியை காஃப்கா எதற்காக எழுதினார்?

மீதிக் கதையில் உருமாறுவது அவனுடைய குடும்பம். ஐந்து வருடங்களாக மகன் சம்பளத்தில் ஓய்ந்து கிடந்த தந்தை, வங்கிச் சேவகனின் சீருடையில் நிமிர்ந்து நிற்கிறார். தாய் தையல் வேலை செய்கிறாள். தங்கை கடையில் வேலைக்குப் போகிறாள். அவனுக்கு எது பிடிக்கும் என்று தேடித்தேடி உணவு வைத்த அந்தத் தங்கைதான் கடைசியில் 'இது' தொலைய வேண்டும் என்கிறாள். தந்தை எறிந்த ஆப்பிள் அவன் முதுகில் பதிந்து அங்கேயே அழுகுகிறது, யாரும் எடுப்பதில்லை. அவன் செத்த அன்றே மூவரும் ட்ராமில் ஏறி ஊருக்கு வெளியே போகிறார்கள். நல்ல வெயில். பெண் வளர்ந்துவிட்டாள், வரன் பார்க்க வேண்டும் என்று பெற்றோருக்குத் தோன்றுகிறது.

சம்பாதிக்கிறவரை மகன், பிறகு 'இது'. கதையின் கரு இந்த நகர்வில்தான் பிடிபடுகிறது. பூச்சி எதையும் சொல்வதில்லை. சுற்றியிருப்பவர்களைச் சொல்லவைக்கிறது.

காஃப்காவுக்கு இது தெரிந்திருந்தது. அவர் ஜெர்மனில் எழுதிய சொல் எந்தப் பூச்சி என்று காட்டாத பொதுச்சொல். கரப்பான் என்று தீர்மானித்தது நாம்தான். 1915 அக்டோபரில் பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தில், அட்டையில் பூச்சியை வரையவே கூடாது, தொலைவில் தெரிவதாகக்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். படம் வேண்டுமானால், விளக்கெரியும் அறையில் பெற்றோரும் தங்கையும், இருட்டறைக்குத் திறந்திருக்கும் கதவும் போதும் என்பது அவருடைய யோசனைகளில் ஒன்று.

குறியீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவது சுலபம். அதன் முன்னால் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்ப்பது கடினம். பார்த்தால், அந்த வெளிச்ச அறையில் நாமும் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும். அர்த்தம் சொல்லிக் கதையை மூடிவிடும் நம் அவசரத்துக்கு இந்த அச்சம்தான் காரணமோ என்னவோ.