அடையாளத்தைக் காட்டி வேலையை மறுக்க முடியுமா?

அமெரிக்காவில் ஆலோசகர் தொழிலைப் பற்றி வரும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே பரிந்துரையில் போய் முடிகின்றன: பள்ளி ஆலோசகர்களின் தொழில் அடையாளத்தை வலுப்படுத்த வேண்டும். பணிக் குழப்பமா, மனச்சோர்வா, வேலையை விட்டே போய்விடுகிறார்களா, எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து. உளநல மையமோ பள்ளியோ, எங்கே இருந்தாலும் நாம் முதலில் ஆலோசகர்கள், மற்றதெல்லாம் பிறகு என்பது தொழிலின் தாரக மந்திரமாகிவிட்டது.

இந்த மந்திரம் சாதித்தது கொஞ்சமல்ல. 1976இல் வர்ஜீனியா ஆலோசகர்களுக்கு முதல் உரிமச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2009இல் கலிஃபோர்னியாவும் சேர்ந்தபோது ஐம்பது மாநிலங்களிலும் உரிமம் கிடைத்தது. 2024 ஜனவரி முதல், முதியோருக்கான மெடிகேர் காப்பீடு உளநல ஆலோசகர்களின் சிகிச்சைக்கும் பணம் தருகிறது. உளவியலாளர்களும் சமூகப் பணியாளர்களும் முப்பதாண்டுகளுக்கு மேலாக அனுபவித்துவரும் உரிமை அது. நாங்கள் தனித் தொழிலினர் என்று ஒரே குரலில் சொல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் இது கட்டணம் வாங்கித் தொழில் செய்பவரின் வெற்றி. உளநல ஆலோசகர் உரிம வாரியத்துக்கும் காப்பீட்டுத் துறைக்கும் பதில் சொல்ல வேண்டியவர். நீங்கள் யார், என்ன படித்தீர்கள் என்பதே அவை கேட்கும் கேள்வி. அங்கே அடையாளம் செல்லும். பள்ளி ஆலோசகர் பதில் சொல்ல வேண்டியது பள்ளி முதல்வருக்கு. இவர் யார் என்று முதல்வருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் தேர்வு ஒருங்கிணைப்பை இவர் தலையில் கட்டுகிறார், ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்புகிறார், உணவுக்கூடத்தில் காவலுக்கு நிறுத்துகிறார். பள்ளியில் ஆள் பற்றாக்குறை, ஆலோசகருக்கோ நிலையான பாடவேளை கிடையாது. காரணம் அவ்வளவுதான்.

இரு தரப்பையும் ஒரே அடையாளத்துக்குள் கொண்டுவர ‘20/20’ என்ற பெயரில் 31 ஆலோசகர் அமைப்புகள் கூடிப் பேசின. 2010இல் உருவான பொது வரையறையை 29 அமைப்புகள் ஏற்றன. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் ஏற்கவில்லை. கல்விக்கூடத்தின் தேவை வேறு என்று அது சொன்னது சரிதான். ஆனால் மாற்றாக அது நீட்டியதும் இன்னோர் அடையாளமே. 2003இல் அது வெளியிட்ட தேசிய மாதிரியில் ஆலோசகர் செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை என்ற பட்டியல் உண்டு. நேரத்தில் 80 விழுக்காடு மாணவர் நலனுக்கு என்ற கணக்கு உண்டு. ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அதன் பரிந்துரை. 2022-23இல் நாட்டின் சராசரி 385. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

உதவாமல் போனதோடு நின்றால் பரவாயில்லை. பட்டியலைக் கையில் கொடுத்த பிறகு, தகாத வேலையை ஏற்கும் ஆலோசகர் அடையாளம் குன்றியவராகிவிடுகிறார். நிர்வாகத்தின் குறை அவருடைய சொந்தக் குறையாக மாறுகிறது. உங்கள் பங்கை முதல்வருக்குப் புரியவையுங்கள், உங்களுக்காக நீங்களே வாதாடுங்கள் என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். தன்னை அறியாதவர் எப்படி மறுப்பார் என்று இதற்குச் சமாதானமும் சொல்கிறார்கள். தன்னை நன்றாக அறிந்தவர் மட்டும் எப்படி மறுப்பார்? அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவரும் அதே முதல்வர்தானே! மறுக்கும் பலம் வேலை ஒப்பந்தத்திலிருந்தும் சட்டத்திலிருந்தும் வருவது. அதைச் சுயமரியாதைப் பாடமாக்கி முதுநிலை வகுப்பில் போதிப்பது, வேலை கொடுப்பவரைத் தொடப் பயந்து வேலை செய்பவரைத் திருத்தப் பார்ப்பதாகும்.

2021இல் டெக்சாஸ் வேறு வழியில் போனது. பள்ளி ஆலோசகரின் நேரத்தில் 80 விழுக்காடு ஆலோசனைப் பணிக்கே என்று சட்டமியற்றியது. தேர்வு நடத்தும் நேரம் அந்தக் கணக்கில் சேராது என்றும் எழுதிவைத்தது. விலக்கு வேண்டும் பள்ளி மாவட்டம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஓட்டை இருக்கிறதுதான். இருந்தாலும், காரணம் சொல்லும் பொறுப்பு ஆலோசகரை விட்டு நிர்வாகத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது.

பல்லாண்டு அடையாளப் பிரசாரத்தால் நகராதது அது. தொழிலுக்கு வரையறை எழுதிய அமைப்புகள் இனி அந்த உழைப்பை ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்திலும் செலவிடட்டும். நாள் முழுக்கக் குழந்தைகளோடு இருக்க விட்டால், தான் யார் என்று பள்ளி ஆலோசகருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்காது.