5 கோல் அடித்த ஃபார்வர்டு

ஷின்ஜி ஒகஸாகி 2015-16 சீசன்ல லெஸ்டர் சிட்டிக்காக பிரீமியர் லீக்கில் ஆடியது 36 ஆட்டங்கள். அடித்தது 5 கோல். அந்த வருஷம் லெஸ்டர் சாம்பியன். சூதாட்டக் கடைகள் 5000-க்கு 1 என்று கொடுத்திருந்த அணி, இரண்டாவது வந்த ஆர்சனலை விட 10 புள்ளி அதிகம் எடுத்து ஜெயித்தது. ஜேமி வார்டி 24 கோல், ரியாத் மாரெஸ் 17 கோல். அணி அடித்த 68-ல் 41 இவங்க ரெண்டு பேர் கணக்கு. பக்கத்துல 5 கோலோட ஒருத்தர் நின்னா என்ன தோணும்? 'இவர் எதுக்கு?'ன்னுதான்.

ஒகஸாகியைப் பற்றி எழுதினவங்க பெரும்பாலும் இதுக்கு ஒரே பதில்தான் வெச்சிருக்காங்க: "கடின உழைப்பாளி, தன்னலமில்லாதவர், ஓயாம ஓடுவார்." இந்தப் பாராட்டு எனக்குக் கொஞ்சம் உறுத்துது. ஆசியாவிலிருந்து வர்ற ஆட்டக்காரர்னா ஐரோப்பியப் பத்திரிகைகள் தயாரா வெச்சிருக்கிற வார்த்தைகள் இவை. மூளையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்துல வியர்வையைப் பற்றிப் பேசிட்டுப் போயிடறாங்க.

அவர் செஞ்ச வேலை என்னன்னு பாருங்க. ரனியேரியோட லெஸ்டர் ஆடினது பழைய 4-4-2. நடுக்களத்துல காண்டே, டிரிங்க்வாட்டர்னு ரெண்டே பேர். எதிரணிகள் பலதும் அங்கே மூணு பேரை நிறுத்துவாங்க. கணக்குப்படி லெஸ்டர் மூழ்கியிருக்கணும். பந்து எதிரணிகிட்ட போனதும் ஒகஸாகி பின்னாடி இறங்கி, அவங்களோட தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரருக்குப் போற பாஸ் வழியில நின்னுடுவார். சென்டர் பேக் நிமிர்ந்து பார்த்தா நேர் வழி அடைபட்டிருக்கும். ஒண்ணு, பக்கவாட்டுல கொடுக்கணும். இல்லேன்னா உயரமாத் தூக்கி அடிக்கணும். தூக்கி அடிச்சா ஹூத்தும் மோர்கனும் தலையால முட்டித் தள்ளுவாங்க. பக்கவாட்டுல போனா ஓரக்கோட்டுக்கிட்ட மடக்கிடுவாங்க. அப்படிப் பிடிபட்ட பந்துதான் வார்டி ஓடுற இடத்துக்குப் போச்சு. ஒரு மணி நேரம் தாண்டினதும் ஒகஸாகியை வெளியே கூப்பிட்டு உயோவாவை இறக்குறது வாடிக்கை. புள்ளிவிவரத்துல இதுக்கெல்லாம் பத்தியே கிடையாது.

என் தொழில்ல சர்வர் விழாம பாத்துக்கிறவர் பேரு எந்த ரிப்போர்ட்லயும் வராது; அவர் லீவு போட்ட அன்னைக்குத்தான் தெரியும். ஒகஸாகி விஷயத்துல அந்த 'லீவு' நிஜமாவே நடந்தது. 2016 கோடையில் லெஸ்டர் கிளப் சாதனை விலை கொடுத்து இஸ்லாம் ஸ்லிமானியை வாங்கியது. கூடவே அகமது மூசா. ஒகஸாகி பல வாரம் பெஞ்சுல. காண்டேயும் செல்சிக்குப் போயாச்சு, அதனால சரிவு முழுக்க ஒகஸாகி இல்லாததாலன்னு சொன்னா அது பொய். ஆனா 2017 பிப்ரவரியில் ரனியேரியை நீக்கினதும், கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்துல செஞ்ச வேலை என்ன? பழைய 4-4-2, வார்டி பக்கத்துல ஒகஸாகி. லிவர்பூலை 3-1-ன்னு ஜெயிச்சாங்க.

சரி, அப்ப அவர் கோல் அடிக்கத் தெரியாத ஃபார்வர்டா? இங்கதான் அவர் வாழ்க்கைக் கணக்கு சுவாரசியமாகுது. 2011 ஜனவரியில் ஷிமிசு எஸ்-பல்ஸிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனார். அங்கே பெரும்பாலும் ஓரத்துல ஆட வெச்சாங்க. 2012-13 லீக்கில் 1 கோல். அடுத்த வருஷம் மைன்ஸுக்குப் போனார். அதே லீக், அதே ஆள். தாமஸ் டுகெல் அவரை நடுவுல, முன்வரிசையில நிறுத்தினார். 15 கோல்! அதுக்கு அடுத்த சீசன் 12. இதைவிடச் சுத்தமான பரிசோதனை கால்பந்துல கிடைக்கிறது அபூர்வம்.

தேசிய அணியில் 119 ஆட்டம், 50 கோல். ஜப்பானுக்காக இவரை விட அதிகம் அடிச்சவங்க ரெண்டு பேர்தான்: 75 அடிச்ச கமமோதோ, 55 அடிச்ச கஸு மியுரா. ஆனா இந்த 50-ஐயும் தட்டிப் பார்த்துதான் வாங்கணும். 2009-ல் உலகத்திலேயே அதிக சர்வதேச கோல் அடிச்சவர்னு பட்டம் வாங்கினார். அந்த அக்டோபர்ல வந்த ரெண்டு ஹாட்ரிக் ஹாங்காங், டோகோவுக்கு எதிரா. முறையே 6-0, 5-0 ஆட்டங்கள். அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையில் பயிற்சியாளர் ஒகடா அவரை பெஞ்சுல உட்கார வெச்சு, ஹோண்டாவை முன்னாடி நிறுத்தினார். ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனதால அந்த முடிவைக் குறை சொல்லவும் முடியாது. மாற்று ஆளா இறங்கி டென்மார்க்குக்கு எதிரா மூணாவது கோலை இவர் போட்டார். ஹோண்டா தள்ளிக் கொடுத்த பந்து. அந்த நேரத்துல அந்த இடத்துல நிக்கணும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எல்லாருக்கும் வராது.

அவர் வேகமான ஆள் இல்ல. 2014-ல் வெளிவந்த அவரோட சொந்தப் புத்தகத்தின் தலைப்பே, நம்ம பாஷையில சொன்னா, 'மந்தக் கால்கள் வாழ்க!' மந்தமானவர் கோல் அடிக்கணும்னா டிஃபெண்டருக்கு முன்னாடியே யோசிச்சு, ஒரு அடி முன்னாடியே கிளம்பணும். கிட்டத்துக் கம்பத்துக்குப் பாய்ஞ்சு தலையைக் கொடுக்கிற அவரோட கோல்கள் எல்லாம் இந்த வகை. பாஸ் வழியை அடைக்கிறதும் இதே புத்திதான், திசைதான் வேற.

2016 மார்ச் 14, நியூகாசில் ஆட்டத்தையும் சொல்லணும். வார்டி தலையால் தட்டிக் கொடுத்த பந்தை, கோலுக்கு முதுகைக் காட்டி நின்னபடியே பின்பக்கமாத் தாவி அடிச்சார். 1-0. அந்த ஓட்டத்துல லெஸ்டர் தொடர்ந்து நாலு ஆட்டத்தை 1-0-ன்னுதான் ஜெயிச்சது. அதுல ஒண்ணு இது. அந்த 5 கோலையும் சும்மா எண்ணிட்டுப் போகாதீங்க.

'தன்னலமில்லாதவர்' கதைக்கு எதிரான வலுவான சாட்சி அவரேதான். சாம்பியன் பதக்கம் கையில இருந்தும், ஸ்ட்ரைக்கரா ஆடணும், கோல் அடிக்கணும்னு வெளிப்படையாச் சொல்லிட்டே இருந்தார். லெஸ்டரில் கடைசி சீசன்ல லீக் கோல் ஒண்ணுகூட இல்ல. 2019-ல் ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார். மலாகா ஒப்பந்தம் போட்டும், சம்பள வரம்புச் சிக்கலால அவரைப் பதிவு செய்ய முடியல. உவெஸ்காவுக்குப் போனார். 33, 34 வயசுல 12 லீக் கோல். அணி பட்டம் வாங்கி முதல் டிவிஷனுக்கு ஏறியது. அங்கே அடுத்த சீசன் 1 கோல்தான், அதையும் மறைக்க வேண்டியதில்ல. அப்புறம் கார்த்தகேனா, பெல்ஜியத்தின் சின்ட்-ட்ரூடன், 2024-ல் ஓய்வு. இப்ப மைன்ஸ் ஊர்ல, தானும் சேர்ந்து தொடங்கின பசாரா மைன்ஸ்ங்கிற கீழ்டிவிஷன் கிளப்போட பயிற்சியாளர்.

யூடியூப்ல அவரோட தொகுப்பு வீடியோ தேடினா பூரா கோல்தான் வரும். 2015-16-ன் முழு ஆட்டம் ஏதாவது ஒண்ணு கிடைச்சா, பந்தை விட்டுட்டு 20 நிமிஷம் அவரை மட்டும் பாருங்க.