பாதியில் மூடிவைத்தவர்களின் பக்கம்

எபிக் ஃபேன்டசி ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், வாயில் நுழையாத பெயர்களையும் தலையணை கனத்துக்கு இருக்கும் புத்தகங்களையும்தான் பலர் குறை சொல்வார்கள். அவர்களுக்குக் கற்பனை போதாது என்பார்கள் ரசிகர்கள். இரண்டு பேச்சும் மேலோட்டமானவை. இந்த வகை எழுத்தின் மீது கூர்மையான விமர்சனத்தை வைத்தவர்கள் அதிலேயே ஊறிய எழுத்தாளர்கள்தான்.

வெளியிலிருந்து வந்த தாக்குதல்களில் பெயர்பெற்றது விமர்சகர் எட்மண்ட் வில்சனுடையது. டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954–55இல் மூன்று பாகங்களாக வந்தது. அது கைமீறி வளர்ந்துவிட்ட ஒரு சிறுவர் கதை என்று 1956இல் ‘த நேஷன்’ இதழில் ஒதுக்கித் தள்ளினார் வில்சன். அதே நாவலைக் கவிஞர் ஆடன் கொண்டாடினார்.

புதிய வாசகருக்கு எங்கே கால் இடறும் என்பதை அந்த நாவலின் முதல் பாகத்தில் எல்ஃப் தலைவர் எல்ராண்ட் கூட்டும் ஆலோசனைச் சபையில் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 15,000 சொற்கள். அத்தனையும் உட்கார்ந்து பேசுவது. அதுவரை கதையில் தலைகாட்டாத பலர் வந்து, எங்கோ நடந்ததைச் சொல்கிறார்கள். மந்திரவாதி கேண்டால்ஃப் சொல்லும் கதைக்குள் இன்னொரு மந்திரவாதியான சாருமானும் பேசுகிறான். ஒவ்வொருவரின் பேச்சுநடையும் அவரவர் குணத்தை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று 2000இல் வந்த தன் நூலில் டோல்கீன் ஆய்வாளர் டாம் ஷிப்பி அருமையாக விளக்குகிறார். அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்த நுட்பத்தை ருசிக்க, அந்த உலகத்தின் மேல் முன்பே ஒரு பற்று விழுந்திருக்க வேண்டும். அது விழாதவர் புத்தகத்தை மூடிவைப்பதில் தவறே இல்லை.

ஃபேன்டசி எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமாகப் போகிறது. அன்று வெளிவந்திருந்த ஒரு ஃபேன்டசி நாவலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, சில சொற்களை மட்டும் மாற்றிக் காட்டினார். அரசவைப் பேச்சு, வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாக அப்படியே பொருந்திவிட்டது. மந்திர உலகம் என்று சொல்லிவிட்டு மொழியில் அதன் சுவடே இல்லையென்றால் வாசகர் எதை நம்பி உள்ளே போவார்? கதையமைப்பைவிட நடைதான் பலரை விரட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்த வகையின் தேய்ந்த வழக்கங்களைப் பிடித்தவர் இன்னொரு ஃபேன்டசி எழுத்தாளரான டயானா வின் ஜோன்ஸ். கற்பனை நாட்டுக்கான சுற்றுலாக் கையேடு போல 1996இல் அவர் எழுதிய நூலில், பயணிகளுக்கு எப்போதும் ஸ்ட்யூதான் சாப்பாடு. குதிரைகள் நாள் முழுக்க ஓடியும் களைப்பதில்லை. நடுவழியில் முகாமிட்டவர்கள் மணிக்கணக்கில் கொதிக்கவேண்டிய குழம்பை எப்படிச் சமைப்பார்கள்?

இன்றைய வாசகரின் மனத்தாங்கல் வேறு. ராபர்ட் ஜோர்டானின் ‘வீல் ஆஃப் டைம்’ தொடர் 1990இல் தொடங்கியது. ஒன்பதாம் நூல் ஒரு மாபெரும் நிகழ்வோடு முடிகிறது. 2003இல் வந்த பத்தாம் நூலோ, அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கே பெரும்பகுதியைச் செலவிடுகிறது. காத்திருந்தவர்கள் கொதித்தது நியாயம். 2007இல் ஜோர்டான் மறைந்தார்; பிராண்டன் சாண்டர்சன் 2013இல் பதினான்காம் நூலோடு தொடரை முடித்துவைத்தார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடரில் ஐந்தாம் நூல் வந்தது 2011இல். ஆறாவதற்கான காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டிவிட்டது.

முடிந்த தொடரைத்தான் தொடுவேன் என்பவர்கள் ரசிகர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் கையில் லெ குவினின் ‘எர்த்ஸீ’ வரிசையின் முதல் நூலைத் தயங்காமல் கொடுக்கலாம். 1968இல் வந்தது, சுமார் 200 பக்கம். பின்னால் வேறு நூல்கள் தொடர்ந்தாலும், தன்னளவில் முழுமையான கதை.