கொள்ளளவும் ஆயக்கட்டும்: வீடூர் அணையை முன்வைத்து

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பெருமழை ஓய்ந்ததும் எழும் முதல் குரல், “இவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போகிறதே, இன்னொரு அணை கட்டினால் என்ன?” என்பதுதான். நியாயமான ஆதங்கம். ஆனால் பெய்த மழையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே கட்டிய அணை வயலுக்கு என்ன கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வீடூர் இருக்கிறது.

செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் வராக நதி என்கிற சங்கராபரணியும் தொண்டியாறும் கூடுமிடத்தில், காமராசர் ஆட்சியில், 1950களின் இறுதியில் எழுந்தது இந்த அணை. நீர்மட்டம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. பாசனம் பெறும் 3,200 ஏக்கரில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டிலும் 1,000 ஏக்கர் புதுச்சேரியிலும் இருக்கின்றன. எல்லை தாண்டித் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. தண்ணீர் என்றாலே வழக்கு என்றாகிவிட்ட காலத்தில் இதை வீடூரின் முதல் பெருமையாகவே சொல்வேன்.

இனி கணக்குக்கு வருவோம். அணை முழுதாக நிரம்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் அத்தனை நீரும் ஆயக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், ஏக்கருக்குச் சுமார் 4.3 அடி ஆழத் தண்ணீர் கிடைக்கும். ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ நான்கடி வேண்டும். வெயிலில் ஆவியாவது, வாய்க்காலில் கசிவது, மதகுக்குக் கீழே தங்கிவிடுவது எல்லாம் போக, முழுக் கொள்ளளவும் ஒரு போக நெல்லுக்கே இழுபறிதான். அதே தண்ணீரை நிலக்கடலைக்கு விட்டால் கதை வேறு. அதற்கு இரண்டடிக்கும் குறைவாகவே போதும். டி.எம்.வி. என்ற பெயரில் நாடறிந்த கடலை ரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஓர் அணைத் திட்டம் தேறுமா தேறாதா என்பதில் பாதி, அதன் கீழே எந்தப் பயிர் என்பதைப் பொறுத்தது. திட்ட அறிக்கைகளில் பயிர்முறை ஓர் அட்டவணையாக வந்து போகிறது. தண்ணீர் திறந்த பிறகு உழவர் உண்மையில் எதை நடுவார், எதற்கு விலை கிடைக்கும் என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

நம் நாட்டில் பாசனத் திட்டங்களை மதிப்பிடும் முறையில் ஒரு நல்ல விதி உண்டு. நூறு ஆண்டுகளில் 75 ஆண்டுகளாவது கிடைக்கக்கூடிய நீர்வரத்தை வைத்தே திட்டமிட வேண்டும். சராசரியைக் காட்டி ஏமாற்றிவிடாமல் காப்பது இந்த விதிதான். என்றாலும் வடகிழக்குப் பருவமழையையும் புயலையும் நம்பிய இந்த மண்ணில் ஆண்டு வரத்து மட்டும் போதாது, அது எத்தனை நாளில் வருகிறது என்பதும் வேண்டும். 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அந்த மழை 34 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுந்தாலே வீடூரின் முழுக் கொள்ளளவுக்குச் சமம். அப்படிப்பட்ட நாளில் அணையால் செய்யக்கூடியது வந்த நீரை மதகு வழியே அனுப்பிவைப்பது மட்டுமே. இதைவிடப் பெரிதாகக் கட்டலாமே என்றால், சமவெளியில் உயர்த்தும் ஒவ்வொரு அடிக்கும் விளைநிலம் மூழ்கும், பரந்து கிடக்கும் நீர் கோடையில் வேகமாக வற்றும்.

வண்டல் இன்னொரு சிக்கல். ஆறு கொண்டுவரும் மண்ணுக்கு அணை ஒரு தடுப்பு. தூர்வாரும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே ஆண்டுச் செலவாகச் சேர்க்காத அறிக்கை அரைகுறை அறிக்கை. மறுபக்கம், அணையால் வரும் ஒரு நன்மையும் கணக்கில் ஏறுவதில்லை. நீர் தேங்கி நிற்கும் மாதங்களில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று ஏறும். ஆயக்கட்டில் ஒரு சென்ட்கூட இல்லாதவரும் அதனால் ஒரு போகம் எடுத்துவிடுகிறார். கடைமடைக்காரருக்கோ ஆயக்கட்டில் பெயர் இருந்தும், வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்வது உறுதியில்லை.

கட்டுமானத் தரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தென்பெண்ணையில் தளவானூருக்கும் எனதிரிமங்கலத்துக்கும் இடையே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை, திறந்து சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில், எழுபது ஆண்டு கண்ட எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் வெள்ளத்தில் உடைந்தது. ஆற்றங்கரை மண்ணையும் வெள்ளத்தின் வேகத்தையும் குறைத்து மதிப்பிட்டால் எவ்வளவு நல்ல நோக்கமும் ஒரே இரவில் போய்விடும்.

என் கருத்தில், இந்த மாவட்டத்துக்கு அடுத்த தேவை புதிய பெரிய அணை அல்ல. கீரனூர் அணைக்கட்டில் துரிஞ்சலாற்று நீரை வாங்கி, 36 ஏரிகளை நிரப்பிப் பனமலை ஏரியில் முடியும் நந்தன் கால்வாயைப் பாருங்கள். வெள்ளத்தை ஒரே இடத்தில் நிறுத்தப் போராடாமல் ஊர் ஊராகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு அது. அதற்கும் குறை உண்டு. துரிஞ்சலாற்றில் வெள்ளம் வராத ஆண்டில் கால்வாய் வறண்டு கிடக்கும். சாத்தனூர் அணையோடு அதை இணைக்க வேண்டும் என்று உழவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது அதனால்தான். புதிய கொள்ளளவைவிட இந்த இணைப்புகளும், ஆக்கிரமிப்பு அகன்ற வரத்து வாய்க்கால்களும், உறுதியான கலங்கல்களும் அதிகப் பாசனம் தரும்.

உலக அணைகள் ஆணையம் 2000இல் வெளியிட்ட அறிக்கை, பெரிய பாசன அணைகள் பலவும் சொன்ன இலக்கை எட்டவில்லை என்றது. வீடூர் எந்த அளவுக்கு எட்டியது என்பதை மக்கள் அறிய வேண்டும். எத்தனை ஆண்டுகள் அணை நிரம்பியது, எத்தனை ஏக்கரில் உண்மையில் விளைந்தது, கடைமடைக்கு எத்தனை முறை தண்ணீர் போனது என்ற அறுபது ஆண்டுக் கணக்கை நீர்வளத் துறை கிராம சபைகளில் வைக்கட்டும். இன்னோர் அணைக்கான மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு நடக்கட்டும்.