தோம்பில் அடங்காத வீடு

ஒல்லாந்தர் காலத் தோம்பு காணியின் உரிமையையும் வரியையும் அறியும். முற்றத்து வேம்பின் நிழலை அறியாது. அக்குறையையே கருப்பொருளாக்கினார் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும் பெயருடன் 2011 இல் வெளிவந்த அவருடைய நூலில், போரால் இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைகின்றனர். அதனையொட்டி அளவு பிசகாத கட்டடப் படமும், பின்னர் ஓவியரின் சித்திரமும் வருகின்றன. இம்மூன்றனுள் உயிருள்ளது முதலாவதே. ஓவியம் பயிலாத கையின் கோடு கோணும். நெஞ்சின் புண் ஆறத் தொடங்குவது அக்கோணலில்தான். கட்டடப் படமோ பிழையற்றது, ஆதலின் வாய்பேசாதது. ஓவியரின் சித்திரங்களும் சிற்சில இடங்களிற் சொன்னதையே மீளச் சொல்கின்றன. எனினும், பிறர் கோட்டிற்கு முதலிடம் தந்து தம் கையைப் பின்னிறுத்திய அடக்கம் நம் ஓவியரிடை அரிது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் மனைகளும் தமிழர் மனைகளும் இந்நூலில் மீண்டும் அயல் வளவுகளாகின்றன.