நூலகம் எரிந்தபோது பாடியவர்

1981-ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவ்வழிவைப் பொருளாகக் கொண்டெழுந்த கவிதைகளுள் தலையாயது எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' என்பது என் துணிபு. அதில் ஒப்பாரி இல்லை, வசையும் இல்லை. நூலகப் படியருகே புத்தர் சுட்டுக் கொல்லப்படுவதாய்க் கவிஞர் கனவு காண்கிறார். எவர் பெயரைச் சொல்லி ஆண்டார்களோ அவரையே கொன்றார்கள் என்பது கவிதையின் உட்கிடை. தீயில் பெரிதும் இழந்தவர் தீயிட்டவரே என்று காட்டுவதில்தான் அதன் ஆற்றல் உள்ளது.

பிரிக்பீல்ட்ஸில் மாணவர் சிலருக்கு இக்கவிதையை நடத்தியபொழுது ஒரு மாணவி, "அந்தக் கவிஞர் பிறகும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தாரா, ஐயா?" என வினவினாள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலை எழுப்பிய ஈழத்தவர் வழிவந்த பெண் அவள். நூலகத் தீயை அவள் வீட்டார் சொல்லிக் கேட்டிருக்கிறாள். 1990-ஐப் பற்றி அவளிடம் எவரும் சொன்னதில்லை.

நுஃமான் கல்முனையைச் சார்ந்த முஸ்லிம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பின்னர்ப் பேராதனையில் பேராசிரியராய் விளங்கியவர். யாழ்ப்பாணத்து அ. யேசுராசாவும் அவரும் கூடித் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகள் கழிந்தன. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். அந்நாள் 30-இல் யாழ்ப்பாண நகரத்தாருக்குத் தரப்பட்ட தவணை இரண்டு மணி நேரம். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் ஏதிலிகளாயினர். பலர் புத்தளத்தில் தங்கினர்.

பாதுகாப்பு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கிழக்கில் இருபாலும் குருதி சிந்தியதும், ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதும் உண்மை. ஆயினும் சிலர்மேற் கொண்ட ஐயம் தொட்டிற் குழந்தைமேலும் பாய்ந்ததற்கு அஃது விடையாகாது. 1979-இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் தமிழிளைஞர் ஒவ்வொருவரையும் எக்கண்கொண்டு நோக்கிற்றோ, அக்கண்ணையே தமிழர் இரவல் வாங்கினர். தமிழரசுக் கட்சியார் மேடைதோறும் முழங்கிய 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடர் முஸ்லிம்களையும் உள்ளடக்கியதன்றோ? அத்தொடர் அன்று பொருளிழந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றம் தவறென ஒப்புக்கொண்டார். பதினோராண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் வந்த சொல் அது!

நம் இலக்கிய வரலாறுகள் இங்கு வாய் திறப்பதில்லை. உமறுப்புலவர்க்கு ஓர் இயல் ஒதுக்கி, 'இசுலாமியர் தமிழ்த்தொண்டு' என வேலி கட்டி நிறுத்திவிடுகின்றன. தொண்டு செய்பவர் வெளியார். வீட்டுக்காரர் தம் வீட்டிற்குத் தொண்டு செய்வதில்லை. நுஃமானை அவ்வியலில் அடைக்க இயலாது. இழப்பு எமது என்றே அவர் பாடினார்.

அம்மாணவிக்கு நடந்ததைச் சொன்னேன். அடுத்த வகுப்பில் அதே கவிதையை மீண்டும் எடுத்தோம். ஆண்டை மட்டும் 1990 என மாற்றிக்கொண்டு, படியருகே கிடப்பவர் எவரெனக் கேட்டேன். வகுப்பு நெடுநேரம் பேசவில்லை.