காலியிடம் யாருடையது?: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் விசுவாசச் சொல்லாடலும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து குறித்து எழுதப்படுவதைப் படிக்கிறவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளாக ஓர் ஒப்பாரி பழகிப்போயிருக்கும். 'பையன்களுக்கு விசுவாசம் இல்ல', 'நாலு காசு கூடக் கிடைச்சா ஓடிர்றான்', 'கல்லூரி விளையாட்டோட ஆன்மாவே போச்சு'. 2025 வசந்தத்தில் முதல் பிரிவு ஆண்கள் அணிகளிலிருந்து மட்டும் 2000-க்கும் மேற்பட்ட வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறுவதற்காகப் பெயர் கொடுத்தார்கள். சுமார் 360 கல்லூரிகள்தான் அந்தப் பிரிவில் இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். ஒப்பாரி வைப்பவர்களுக்கு எதிர்வரிசையில் கொண்டாடுபவர்களும் உண்டு. 'சந்தை திறந்தாச்சு, வீரனுக்கு விடுதலை கிடைச்சாச்சு' என்பது அவர்கள் பாட்டு.

இந்த இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதே என் வாதம். ஒரு தரப்புக்கு அந்த வீரன் துரோகி, இன்னொரு தரப்புக்கு வியாபாரி. இரண்டிலுமே அவன் தனியாள்தான். பக்கத்தில் நின்று ஆடும் மற்ற பன்னிரண்டு பேரோடு சேர்த்து அவனைப் பார்க்க இரண்டு தரப்புமே தயாராக இல்லை. ஏன் தயாராக இல்லை என்று கேட்டுக்கொண்டு போனால் 1950-களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

1

இந்த விளையாட்டுகளை ஆளும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸ் 1951-இல் பதவிக்கு வந்து முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்தவர். 1953-இல் கொலராடோ மாநில உச்சநீதிமன்றம், டென்வர் பல்கலைக்கழகத்துக்காக ஆடிக் காயம்பட்ட ஒரு கால்பந்து வீரரைப் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே கருதி, தொழிலாளர் இழப்பீட்டுக்கு அவர் உரியவர் என்றது. 1955-இல் அதே மாநிலத்தில் ரே டென்னிசன் என்ற வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கேட்டார். இந்த வழக்குகளின் பின்னணியில்தான் 'ஸ்டூடன்ட்-அத்லீட்', அதாவது 'மாணவ வீரர்', என்ற தொடரை உருவாக்கி எல்லா விதிகளிலும் நுழைத்தோம் என்று பையர்ஸே பின்னாளில், 1995-இல் வெளியான தம் நூலில், எழுதிவிட்டார். 1957-இல் டென்னிசனின் மனைவி கேட்ட இழப்பீடு மறுக்கப்பட்டது. கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

ஆக, மாணவரைப் பெருமைப்படுத்தப் பிறந்த தொடர் அல்ல இது. ஒரு விதவைக்கு இழப்பீடு போய்ச் சேராமல் இருக்கப் பயன்பட்ட தொடர். 'நீ தொழிலாளி இல்லை' என்று நேராகச் சொன்னால் 'அப்ப நான் யாரு?' என்ற கேள்வி வரும். 'நீ மாணவ வீரர்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. கருத்தியல் வேலை செய்யும் விதம் இதுதான். மறுப்பைப் பட்டமாகச் சூட்டிவிடும். அதே பையர்ஸ் அதே நூலில், இந்த ஏற்பாட்டைப் பண்ணையடிமை மனோபாவத்தோடு ஒப்பிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆடுபவர்களில் பெருந்தொகையினர் கறுப்பர்கள் என்ற நிலையில் அந்த ஒப்பீடு வெறும் உவமை அல்ல.

2

உதவித்தொகை விஷயத்துக்கு வருவோம். விளையாட்டுத் திறனுக்காகவே உதவித்தொகை தரலாம் என்று என்.சி.ஏ.ஏ. 1956-இல் அனுமதித்தது. 1973-இல் அதை ஓராண்டுக்கு மட்டுமே தரலாம், வேண்டுமானால் புதுப்பிக்கலாம் என்று மாற்றியது. 'வேண்டுமானால்' என்பது யாருக்கு வேண்டுமானால்? பயிற்சியாளருக்கு வேண்டுமானால். பையன் பட்டப்படிப்பை முடிப்பானா என்பது அவன் பந்து போடும் கையை நம்பி நின்றது. பல ஆண்டு உதவித்தொகைக்கு மறுபடி அனுமதி வந்தது 2012-இல்தான். அதுவும் கட்டாயமில்லை.

கல்லூரிக்கு ஓராண்டு ஒப்பந்தம். வீரனுக்கோ வேறு கணக்கு. ஆண்கள் கூடைப்பந்தில் ஒருவர் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2018 வரை, வேறு கல்லூரிப் பயிற்சியாளரோடு பேசுவதற்கே பழைய கல்லூரியின் அனுமதி தேவைப்பட்டது. அனுமதி கிடைக்காமல் போனால் புதிய கல்லூரியில் முதலாண்டு விளையாட்டு உதவித்தொகையும் கிடையாது. 2014-இல் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் பெண்கள் அணிப் பயிற்சியாளரை நீக்கியது. அவரை நம்பி ஸ்பெயினிலிருந்து வந்து ஓராண்டு ஆடியிருந்த லெட்டீசியா ரொமேரோ மாறிப்போக அனுமதி கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. மாதக்கணக்கில் வெளியில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே விடுவித்தது. பயிற்சியாளரை அனுப்பும் உரிமை உனக்கு உண்டு, அவருக்காக வந்தவள் போகும் உரிமை அவளுக்குக் கிடையாது. இந்த இடத்தில் 'விசுவாசம்' என்ற சொல் யார் யாரிடம் கேட்கும் சொல் என்பது வெளிச்சமாகிவிடுகிறது.

பயிற்சியாளர்கள் யாரும் ஓராண்டு உட்காரவில்லை. ஜான் கலிபாரி 2009-இல் மெம்ஃபிஸிலிருந்து கென்டக்கிக்குப் போனார். 2024-இல் கென்டக்கியிலிருந்து ஆர்கன்சாவுக்குப் போனார். அதற்குப் பெயர் 'முன்னேற்றம்'. பத்தொன்பது வயதுப் பையன் அதையே செய்தால் 'ஓட்டம்'.

3

பூட்டு உடைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. பெரிய மாயமொன்றுமில்லை, மாற விரும்புவோரின் பெயர்ப்பட்டியல்தான். பெயர் கொடுத்துவிட்டால் எந்தக் கல்லூரியும் பேசலாம், பழைய கல்லூரியின் தயவு தேவையில்லை. 2021-இல் ஒருமுறை மட்டும் ஓராண்டுக் காத்திருப்பின்றி மாறலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் வழி பிறந்தது. டுலாலிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த ரேக்வான் பேட்டில் இரண்டாம் முறை மாறி மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தபோது ஆட அனுமதி மறுக்கப்பட்டது. 2023 டிசம்பரில் ஏழு மாநில அரசுகள் வழக்குப் போட்டன, நீதிமன்றம் தடை கொடுத்தது, அவர் ஆடினார். 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று விதியே மாறிப்போயிற்று.

இதில் ஒவ்வொரு அடியும் நியாயமானது. எனக்கு அதில் ஐயமில்லை. கட்டிப்போட்டிருந்ததை அவிழ்ப்பதற்கு எதிராக எந்த முற்போக்காளரும் பேச முடியாது. ஆனால் அவிழ்த்துவிட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கும் வேலை மிச்சமிருக்கிறது.

4

அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் வசந்தகாலத்தில் அடிக்கடி வரும் ஒரு தொடர் 'ஓப்பன் ஸ்காலர்ஷிப்'. இந்த அணியில் இரண்டு இருக்கிறது, அந்த அணியில் நாலு இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். ஆண்கள் அணிக்குப் பல்லாண்டுகள் 13 உதவித்தொகைதான் உச்சவரம்பு. 'திறந்த' என்ற ஆங்கில அடைமொழியில் ஓர் அழைப்பு இருக்கிறது, வாசல் திறந்திருக்கிற மாதிரி. தமிழில் நாம் போடக்கூடிய சொல் 'காலி'. இடம் காலி என்கிறோம், ஆள் காலி என்றும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல் மூடிவைப்பதைத் தமிழ்ச் சொல் போட்டு உடைத்துவிடுகிறது. இடம் தானாகக் காலியாவதில்லை.

2015-இல் ஐந்து பெரிய கூட்டமைப்புகள், ஆட்டத்திறன் போதவில்லை என்று காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்துவதில்லை என முடிவெடுத்தன. நல்ல முடிவு. ஆனால் நிறுத்த வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடலாமே. பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். 'தம்பி, அடுத்த வருஷம் உனக்கு ஆட்டம் கிடைக்கிறது கஷ்டம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், போர்ட்டல்ல பேரைக் குடுத்துப் பாரு.' பையன் பெயர் கொடுக்கிறான். கொடுத்த பிறகு, அந்தப் பருவத்தோடு உதவித்தொகையை முடித்துக்கொள்ளப் பழைய கல்லூரிக்கு விதி இடம் தருகிறது. பட்டியலில் அவன் 'மாறிச் செல்பவன்'. தள்ளப்பட்டவனும் தாவியவனும் ஒரே பட்டியலில் ஒரே எழுத்தில் நிற்கிறார்கள். யார் எந்த வகை என்று அந்தப் பட்டியல் சொல்லாது. பிறகு அந்தப் பட்டியலின் நீளத்தைக் காட்டித்தான் 'விசுவாசம் போச்சு' என்று தலையங்கம் எழுதுகிறார்கள். பெயர் கொடுக்கும் எல்லோருக்கும் வேறு கல்லூரி கிடைப்பதும் இல்லை. கிடைத்தாலும் படித்த பாடங்கள் அத்தனையையும் புதிய கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்ற உறுதியும் இல்லை.

காலியிடத்தை நிரப்பும் வழியையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சில் ஜெர்சி சிட்டியின் சின்னஞ்சிறு செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி, பதினைந்தாம் தரவரிசையில் நுழைந்து, கென்டக்கியையும் பர்டியூவையும் வீழ்த்தி, தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. அந்தத் தரவரிசையில் இருந்த எந்த அணியும் அதற்குமுன் அவ்வளவு தூரம் வந்ததில்லை. சில நாட்களில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலவே செட்டன் ஹாலுக்குப் போனார். முக்கிய வீரர்களும் கலைந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உழைப்புக்கு மேலான விலை கிடைக்கும் இடத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் சிறு கல்லூரி, பெரிய கல்லூரிக்கு ஆள் தயார் செய்து கொடுக்கும் நாற்றங்காலாக ஆகிவிட்டது என்பதும் நிஜம்.

கலிபாரி போன பின் 2024-இல் கென்டக்கிக்கு வந்த மார்க் போப்புக்கு, முந்தைய ஆண்டு உதவித்தொகையில் ஆடியவர் ஒருவர்கூட மிச்சமில்லை. அவரே ஒரு காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கென்டக்கிக்கு மாறி வந்து, 1996-இல் பட்டம் வென்ற அணியில் ஆடியவர். சில வாரங்களில் ட்ரெக்ஸல், ஃபேர்லி டிக்கின்சன் போன்ற சிறிய இடங்களிலிருந்தும் பெரிய இடங்களிலிருந்தும் ஆள் எடுத்து அணியைக் கட்டினார். 2025-இல் கடைசி பதினாறு வரை அது போயிற்று. சாமர்த்தியம் என்று எழுதினார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் ட்ரெக்ஸலில் உண்டான காலியிடத்தை ட்ரெக்ஸல் அதற்குக் கீழிருந்து நிரப்பும், அந்த இடத்தை இன்னும் கீழிருந்து. இந்தச் சங்கிலியின் அடிக்கண்ணியில் நிற்பவன் பள்ளியை முடித்துவிட்டு முதல் வாய்ப்புக்குக் காத்திருக்கும் பையன். பதினெட்டு வயதுக்காரனை வளர்த்தெடுப்பதைவிட இருபத்திரண்டு வயதுக்காரனைத் தயாராக எடுத்துக்கொள்வது லாபம். கொரோனாக் காலத்தில் 2020-21 பருவ வீரர்களுக்குத் தரப்பட்ட கூடுதல் ஆண்டு இந்த நெருக்கடியைச் சில ஆண்டுகளுக்கு இன்னும் இறுக்கியது. எல்லோரும் ஒரே சமயத்தில் சுதந்திரமாக ஓடும்போது ஒருவன் சுதந்திரம் இன்னொருவன் இடமாகிறது.

5

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலொன்றில், ஒரு நிறுவனத்தில் அதிருப்தி கொண்டவருக்கு இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார்: வெளியேறுவது, குரல் எழுப்புவது. இவற்றில் எதைத் தேர்வது என்பதைப் பாதிக்கும் மூன்றாவது அம்சம் விசுவாசம். என்.சி.ஏ.ஏ.வின் வரலாற்றை இந்த மூன்று சொற்களில் எழுதிவிடலாம். ஐம்பதாண்டுகளுக்கு மேல் விசுவாசத்தைக் கட்டளையாக வைத்தது. நீதிமன்றங்கள் நெருக்கியபோது வெளியேறும் வழியைத் திறந்துவிட்டது. குரலை மட்டும் இன்றுவரை தரவில்லை.

இதே விளையாட்டின் தொழில்முறைப் பக்கத்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1970-இல் வீரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் என்.பி.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். 1976 சமரசத்தின் வழியாக வீரர்கள் அணி மாறும் உரிமை பெறத் தொடங்கினார்கள். அங்கே வெளியேறும் உரிமையை வாங்கிக் கொடுத்ததே சங்கம், அதாவது குரல். அதனால் எப்போது மாறலாம், எவ்வளவு ஊதியம், காயம்பட்டால் என்ன என்பதெல்லாம் இரு தரப்பும் பேசி எழுதிய ஒப்பந்தத்தில் வருகிறது. அந்தக் கட்டுப்பாடுகளை நீதிமன்றம் எளிதில் கலைப்பதில்லை, தொழிலாளர்களே ஒப்புக்கொண்டவை என்பதால். கல்லூரியில் பேசுவதற்கு எதிர்த்தரப்பே இல்லை. ஆகவே என்.சி.ஏ.ஏ. போடும் விதி ஒவ்வொன்றும் ஏகபோகத் தடைச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. ஒப்பாரிக்காரர்கள் புலம்பும் 'குழப்பம்' வீரர்களின் பேராசையால் வந்ததல்ல. தொழிலாளியைத் தொழிலாளி என்று ஏற்க மறுத்ததற்குக் கட்டும் வட்டி அது.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற 'ஹவுஸ்' சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், முதலாண்டில் கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர் வரை, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 13 உதவித்தொகை வரம்பு போய், 15 ஆட்கள் என்ற வரம்பு வந்தது. சம்பளம் வந்தாச்சு, உச்சவரம்பும் வந்தாச்சு. அந்த உச்சவரம்பை எந்தச் சங்கத்தோடு பேசி வைத்தார்கள்? எந்தச் சங்கத்தோடும் இல்லை.

குரலுக்கான முயற்சி நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. அதுவும் உதவித்தொகையே தராத டார்ட்மத் கல்லூரியில். அங்கே உணவுக்கூடத்தில் வேலை செய்த மாணவர்கள் முதலில் சங்கம் கண்டார்கள். கூடைப்பந்து அணியிலும் உணவுக்கூடத்தில் பகுதிநேர வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். பரிமாறினால் தொழிலாளி, பந்து ஆடினால் மாணவ வீரரா என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது. 2024 பிப்ரவரியில் தேசியத் தொழிலுறவு வாரியத்தின் வட்டார அதிகாரி அவர்கள் ஊழியர்களே என்றார். மார்ச் 5 அன்று 13-க்கு 2 என்ற வாக்கில் சங்கம் வேண்டுமென்று முடிவெடுத்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. ஆட்சி மாற்றத்தால் வாரியமே மாறப்போகிறது என்ற நிலையில், அந்த ஆண்டின் கடைசி நாளில் மனு திரும்பப் பெறப்பட்டது. 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் கொண்டுவரப்பட்ட 'ஸ்கோர்' மசோதா, கல்லூரி வீரர்கள் ஊழியர்கள் அல்லர் என்பதைச் சட்டமாகவே எழுதிவைக்க முனைந்தது. 1955-இல் ஒரு விதவைக்கு எதிராகத் தேவைப்பட்ட சொல், இத்தனை கோடி டாலர் கைமாறிய பிறகும் அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

மார்க்ஸ் தொழிலாளியை இரட்டை அர்த்தத்தில் 'சுதந்திரமானவன்' என்றார். உழைப்புச் சக்தியை விற்கச் சுதந்திரம், விற்பதற்கு அதைத் தவிர வேறெதுவும் இல்லாத சுதந்திரம். போர்ட்டலில் பெயர் கொடுக்கும் பையனுக்கு முதலாவது கிடைத்திருக்கிறது. இரண்டாவது அவனிடம் எப்போதும் இருந்தது. சேர்ந்து நிற்கும் உரிமைதான் இல்லை. ஆகவே மாற்றல் சுதந்திரத்தைச் சுருக்க வேண்டும் என்று இன்று எழும் குரல்களை, அவை எவ்வளவு கண்ணீரோடு வந்தாலும், நாம் நிராகரிக்க வேண்டும். சந்தையே விடுதலை என்பவர்களிடம் டார்ட்மத்தின் அந்தப் பதின்மூன்று வாக்குகளைப் பற்றிக் கேட்க வேண்டும். அடுத்த வசந்தத்திலும் எந்த அணியில் எத்தனை இடம் காலி என்று பட்டியல் வரும். அதைப் படிக்கையில், அந்த இடத்தில் இருந்தவர் யார், அவரைப் போகச் சொன்னது யார், அப்போது அவருக்காகப் பேச யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பழகுவோம்.